கெதியக்காவின் மத்தியானம்

வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் இந்த நீண்ட மணல் நிலத்தில், நேரத்தை மிச்சம் பிடிப்பதில் கெதியக்காவுக்கு நிகராக ஒருவர் பிறந்ததில்லை. இனிப் பிறக்கப்போகிறவரும் பத்து மாதம் தாமதித்துத்தான் பிறப்பார்.

குருக்கள்மடத்தில் அவரது வீட்டின் பின்னறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். பத்திரிகைக்குச் செய்தி அனுப்புவது என் தொழில். முன் ஹோலில் நான்கு தையல் மெஷின்கள். மூன்றில் ஊர்ப் பெண்கள், நான்காவதில் கெதியக்கா. நாள் முழுக்க "கெதியா, கெதியா" என்று எல்லோரையும் வேகப்படுத்தி விரட்டுவதால் வந்த பெயர். அடையாள அட்டையில் நீளமான வேறொரு பெயர் இருக்கிறது. அதைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவர் போய்விடுவார் என்பதால் யாரும் கூப்பிடுவதில்லை.

தெருவில் எவராவது "என்ன அக்கா" என்று வாயெடுத்தால், "சாப்பிட்டாச்சு, சுகம், மழை வராது" என்று, கேட்கப்போகும் மூன்று கேள்விகளுக்கும் பதிலைக் கொடுத்துவிட்டுக் கடந்துபோவார். செத்த வீடுகளில் வாசல் படலையிலேயே அழத் தொடங்கி, பிரேதத்தை அடையும்போது முடித்திருப்பார். ஒருமுறை அடுத்தடுத்த ஒழுங்கைகளில் ஒரே நாளில் இரண்டு சாவு. முதல் வீட்டில் எடுத்த அழுகையை வழியில் இறக்கிவைக்காமல் அப்படியே இரண்டாவது வீட்டுக்குக் கொண்டுபோனார். இரண்டு வீட்டாரும் குறை சொல்லவில்லை.

அவர் தைக்கும் முறையும் அதுதான். ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகளை ஏறாவூர் வியாபாரி ஒருவர் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து இறக்குவார். அவற்றை ஒன்றோடொன்று பொருத்திக் கட்டில் விரிப்பாக்கி விற்பது கெதியக்காவின் தொழில். மற்றவர்கள் இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்து, நூலை அறுத்து, பிறகு அடுத்த சோடியை எடுப்பார்கள். கெதியக்கா அறுக்கமாட்டார். ஒரு சோடி ஊசியைக் கடந்ததும் அதன் வாலிலேயே அடுத்ததைச் செருகிவிடுவார். துண்டுகள் திருவிழாத் தோரணம்போல மெஷினுக்குப் பின்னால் இறங்கி, தரையைத் தாண்டி, யன்னலால் வெளியே போகும். ஒருநாள் அப்படிப் போன நுனியை அயல்வீட்டு ஆடு நின்று மென்றுகொண்டிருந்தது. அதற்காக மெஷின் நிற்கவில்லை.

"சுமதி, தலைய நான் பாத்துக்கிறன். நீ போய் வாலப் பாரு."

சுமதி அந்த மூன்று பெண்களில் மூத்தவள். ஆட்டோடு இழுபட்டு, பாதித் தோரணத்தை மீட்டுக்கொண்டு வந்தாள்.

துணியை முக்கோணமாக வெட்டுவது கெதியக்காவுக்கு அறவே ஆகாது. "முக்கோணம் முக்கோணமா வெட்டி மறுகா பொருத்துறவள் அடுத்த பிறப்பிலயும் அதையேதான் பொருத்திக்கொண்டிருப்பாள்" என்பார். வேண்டிய இரண்டு நிறத்திலும் ஒவ்வொரு சதுரத்தை எடுத்து, முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை ஒரு கோடு கீறுவார். கோட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு தையல். அதன் பிறகே கோட்டில் கத்தரிக்கோல். விரித்தால், பாதி ஒரு நிறமும் பாதி மற்ற நிறமுமாக இரண்டு சதுரங்கள் கையில் இருக்கும். உலகம் வெட்டிவிட்டுத் தைக்க, இவர் தைத்துவிட்டு வெட்டினார்.

இப்படிச் சேர்த்த நேரத்தை அவர் என்ன செய்தார் என்பதில் ரகசியம் எதுவுமில்லை. உள்ளறையில் அவரது கணவர் படுத்திருந்தார். வாவியில் வீச்சுவலை எறிந்து திரிந்த மனிதர். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தொண்டையும் பாதி போய்விட்டது. வேறு யார் வாயில் சோறு தீத்தினாலும் அவருக்குப் புரைக்கேறியது. சோறு நெஞ்சுக்குள் போனால் ஆள் தப்பமாட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆகவே பன்னிரண்டு மணிக்குக் கெதியக்கா மெஷினை விட்டு எழுந்து, கை கழுவி, கரைத்த சோற்றுக் கோப்பையுடன் உள்ளே போவார். ஒரு மணிக்குத்தான் வெளியே வருவார்.

அந்த அறையின் யன்னல் என் பக்கம் திறப்பது. ஒரு கரண்டி கொடுப்பார். தொண்டை அசைகிறதா என்று பார்த்திருப்பார். அசைந்து முடிந்தபின் இன்னொரு கரண்டி. இடையில் வயல் வட்டையில் வேளாண்மை எப்படி நிற்கிறது, ஆடு எதைத் தின்றது என்று ஊர்க்கதை சொல்வார். "கெதியா" என்ற சொல் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. கணவர்தான் ஒருநாள் கோணிய வாயால் அதைச் சொன்னார்.

"கெதியாத் தாவன்."

"இஞ்சேருங்க, உங்களுக்கென்ன பஸ்ஸா போகப்போகுது? மெள்ள விழுங்குங்க."

பாசிக்குடாப் பக்கத்து ஹோட்டல் ஒன்றிலிருந்து கொழும்பு மனேஜர் ஒருவர் வந்தபோதுதான் அந்த ஒரு மணித்தியாலத்துக்கு ஆபத்து வந்தது. துணி முழுக்கக் காற்றாடி சுற்றுவதுபோன்ற விரிப்புகள் அவருக்கு வேண்டும். வெள்ளைக்காரர்கள் வந்திறங்கும் முன்னர் எல்லாக் கட்டில்களுக்கும் வேண்டும்.

அவர் போனதும் சுமதி சொன்னாள்: "மத்தியானமும் இருந்து தைச்சாத்தான் அக்கா முடியும்."

"மத்தியானத்தத் தொடாத. விடியக்காலையில எவ்வளவு வேணுமோ எடு."

விடியற்காலையில் எடுத்தார்கள். தோரணம் யன்னலைத் தாண்டி மாமரத்தைச் சுற்றியது. ஆனால் கெதி முறையில் ஒரு குறை உண்டு. அதில் பிழையும் கெதியாகவே வரும். நாலு சதுரங்களைச் சரியாகத் திருப்பி வைத்துத் தைத்தால்தான் காற்றாடி கேட்ட பக்கம் சுற்றும். நித்திரை கலையாத ஒரு விடியலில் சுமதி ஒரு பெரிய அடுக்கைத் தலைகீழாக வைத்துவிட்டாள். கண்டுபிடித்தபோது பாதிக் காற்றாடிகள் வலமாகவும் பாதி இடமாகவும் சுற்றிக்கொண்டிருந்தன.

"அடுக்கு கிறுகிப் போச்சு அக்கா" என்று அவள் அழுதாள். "எல்லாத்தையும் பிரிப்பமா?"

கெதியக்கா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "தைக்கிறதுக்குக் கெதி முறை ஆயிரம் இருக்கு புள்ள. பிரிக்கிறதுக்கு ஒண்டும் இல்ல. ஒவ்வொரு தையலாத்தான் பிரிக்க வேணும். நான் பிரிச்சுக்கொண்டிருந்தா அவருக்கு ஆரு தீத்துற?"

சொல்லிவிட்டுக் கோப்பையுடன் உள்ளே போனார்.

விரிப்புகளைப் பார்க்க மனேஜர் வந்தது ஒரு நண்பகல் நேரம். இரண்டு விரிப்புகளை அருகருகே விரித்து, தலையை இடமும் வலமும் சாய்த்துப் பார்த்தார்.

"இது ஒரு பக்கம் சுத்துது. அது மற்றப் பக்கம் சுத்துது?"

"ஐயா கொழும்பு. உங்களுக்குத் தெரியாது" என்றார் கெதியக்கா. "இஞ்ச ரெண்டு காத்து. வாடை அடிச்சா அப்படிச் சுத்தும், கச்சான் அடிச்சா இப்படிச் சுத்தும். ஒரு பக்கம் மட்டும் சுத்துற காத்தாடிய வெச்சு மட்டக்களப்பில என்ன செய்யிற?"

மனேஜர் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து, ஒவ்வொரு அறையிலும் வாடைக் கட்டில் ஒன்று, கச்சான் கட்டில் ஒன்று என்று போடலாமா என்று கேட்டார். இந்த வழக்கத்தை ஒரு காகித மட்டையில் எழுதி அறைகளில் தொங்கவிடலாமா என்றும் கேட்டார்.

"எழுதுங்க ஐயா. கெதியா எழுதுங்க."

பிறகு மனேஜர், அங்கே நின்ற என் பக்கம் திரும்பி, அது உண்மைதானா என்று கேட்டார். தகவலைச் சரிபார்த்துச் சொல்வது என் தொழில். மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. உண்மை என்றேன்.

கடந்த மாரியில், ஒழுங்கையில் முழங்கால் அளவு வெள்ளம் நின்ற காலத்தில், கணவர் இறந்துபோனார். புரைக்கேறி அல்ல, நித்திரையில். அந்த விபரத்தைச் சரியாக எழுதவேண்டும் என்று நினைக்கிறேன். கெதியக்கா கொடுத்த சோற்றில் ஒரு பருக்கையும் வழி தவறிப் போகவில்லை.

அன்று மற்றவர்கள் படலையிலிருந்து அழுதுகொண்டு வந்தார்கள். கெதியக்காவின் அழுகைக்கு வந்து சேர வழி தெரியவில்லை. வந்த ஒவ்வொருவரும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்ததும் மெஷின்கள் ஓடத் தொடங்கின. கையின் வேகம் மட்டும் பழையபடியே இருந்தது. பன்னிரண்டு மணிக்கு எழுந்து கை கழுவினார். கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றார்.

"அக்கா, நீங்களாவது சாப்பிடுங்களன்" என்றாள் சுமதி.

"சாப்பிட்டாச்சு."

சாப்பிடவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, மனேஜர் எடுத்ததுபோக மிஞ்சிக்கிடந்த இடஞ்சுற்றும் காற்றாடித் துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டார். சின்னப் பிளேடு ஒன்றால் ஒவ்வொரு தையலாகப் பிரிக்கத் தொடங்கினார்.

"இப்ப ஏன் அக்கா அதப் பிரிக்கிறீங்க? ஆரும் கேட்கல்லயே."

"பிழையாத்தானே புள்ள கிடக்கு."

அதன் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் அதுவே வேலை. பன்னிரண்டு முதல் ஒன்றுவரை. அடுக்கு குறைந்துகொண்டே வருவதை நான் கவனித்தேன். போன கிழமை அது முடிந்தது. அன்று கெதியக்காவின் இரண்டு கைகளும் வெறுமனே மடியில் கிடந்தன. அந்தக் கைகளை அப்படி நான் ஒருபோதும் கண்டதில்லை.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு, பொத்தான் ஒன்று குறைந்த சட்டையுடன் போனேன்.

"தெறி ஒண்டு போயிட்டு அக்கா. அவசரமில்ல, மெள்ளத் தைச்சுத் தாங்க."

சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நூல் இத்துப் போகல்லயே தம்பி. ஆரோ புடிச்சு இழுத்த மாதிரியெல்லோ கிடக்கு."

"ஆடா இருக்கும்" என்றேன்.

என்னைப் பார்த்தார். ஊசியில் நூலைக் கோத்தார். ஒரு தையல், பிறகு கொஞ்ச நேரம், பிறகு இன்னொரு தையல். அந்த ஒரு தெறியைத் தைத்து முடிக்க ஒரு மணி ஆகிவிட்டது.

என்னிடம் இன்னும் சில சட்டைகள் இருக்கின்றன.