எத்தனால் வந்த வினை

நான் பிழை திருத்துபவன். இருபத்தாறு வருடமாக அச்சகத்தில் அதுதான் வேலை. ஒரு துணைக்கால் காணாமல் போனாலும் என் கண்ணுக்குத் தப்பாது. ஊரில் எத்தனையோ புத்தகங்கள் என் புண்ணியத்தில்தான் நொண்டாமல் நடக்கின்றன. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போகும் அவமானத்தின் அளவு உங்களுக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான்.

சென்ற மாதம் ஒரு மோட்டார் பத்திரிகையின் மெய்ப்பு என் மேசைக்கு வந்தது. 'பெட்ரோலில் எத்தனால்' என்று எட்டுப் பக்கக் கட்டுரை. வழக்கமாக நான் எழுத்தைத்தான் பார்ப்பேன், விஷயத்தைப் பார்க்க மாட்டேன். உடம்புக்கு அதுதான் நல்லது. அன்று கைமறதியாக விஷயத்தையும் படித்துவிட்டேன்.

இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் என்ற சாராய வகைச் சரக்கைக் கலந்துதான் விற்கிறார்களாம். புதுக் கார்கள் அதற்கென்றே செய்தவை, சமாளித்துக்கொள்ளும். பழைய கார்களில் ரப்பர் குழாய்கள் ஊறிப்போகும், மைலேஜ் கொஞ்சம் குறையும். எல்லாவற்றுக்கும் மேலே, எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் தீராத ஆசை. காற்றில் இருக்கிற ஈரத்தைக்கூட இழுத்து வைத்துக்கொள்ளும். ஓடாமல் நின்றுகொண்டே இருக்கும் வண்டியில் அந்தத் தண்ணீர் பிரிந்து டேங்கின் அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

எங்கள் கார் நின்றுகொண்டே இருக்கும் வண்டி. வயது இருபத்திரண்டு. அச்சகத்தில் வண்டி நிறுத்த இடமில்லை, நான் பஸ்ஸில் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கும் மைத்துனி வீட்டுக்கும் மட்டும் கார். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டும் மீட்டர் நின்று மூன்று வருடமாகிறது. அது எவ்வளவு ஓடியிருக்கிறது என்று அதற்கே தெரியாது.

அன்று சாயங்காலமே வீட்டில் அறிவித்தேன்.

"இன்னையிலிருந்து நம்ம கார் மேல ஒரு கண் வைக்கப் போறேன்."

"வைங்க," என்றாள் மனைவி. "ஓட்டும்போது வச்சா இன்னும் நல்லா இருக்கும்."

"விளையாடாத. எத்தனால் நம்ம வண்டியே கெட்டுப்போகப் போகுது."

"எந்த எத்தனால?"

"எத்தன் இல்ல, எத்தனால். பெட்ரோல்ல கலக்கறது. பேர்லயே எத்தன் ஒளிஞ்சிருக்கான் பாரு. சாமானியப்பட்டவன் இல்ல."

எட்டுப் பக்கத்தையும் ஒரு பத்தி விடாமல் அவளுக்குச் சொன்னேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டாளா இல்லையா என்று பீன்ஸுக்குத்தான் தெரியும்.

மறுநாள் பரிசோதனை. கட்டுரையில் வழி போட்டிருந்தது. அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர், மேலே பெட்ரோல், நன்றாகக் குலுக்கி வைத்தால் எத்தனால் மட்டும் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். தண்ணீர்க் கோடு ஏறினால் எத்தனால் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் அளவுக் கோடு போட்ட கண்ணாடிச் சாமான் ஒன்றுதான் இருந்தது. போன தடவை மகள் வந்தபோது விட்டுவிட்டுப் போன, பேத்தியின் பால் பாட்டில்.

அவள் பார்த்துவிட்டாள்.

"என்னங்க அது?"

"பாரு, தண்ணி ஏறியிருக்கு. எத்தனால் இருக்கு. நிரூபிச்சுட்டேன்."

"இதுக்கா குழந்தை பாட்டிலை நாசம் பண்ணீங்க? பத்து சதவீதம் கலந்திருக்குன்னு பங்க்லயே பெருசா எழுதி ஒட்டிருக்காங்களே."

"நீ எப்ப பங்க் பக்கம் போனே?"

அவள் ஒரு வினாடி யோசித்தாள். "வழியில பாத்தேன். படிக்கத் தெரியாதா எனக்கு?"

படிக்கத் தெரிந்தவள்தான். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அரை டேங்க் நிரப்பினேன். முள் எங்கே நிற்கிறது என்று நோட்டில் குறித்தேன். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் சாவியைத் திருப்பிப் பார்த்தேன். முள் கால் டேங்கில் படுத்திருந்தது.

ஓடி வந்தேன்.

"அரை டேங்க் இருந்துது. இப்ப கால்தான் இருக்கு. வண்டி இடத்தை விட்டு நகரவே இல்ல."

"ஆவியாகிருக்கும்," என்றாள், துணி மடித்தபடியே.

"ஆவியாவா?"

"நீங்கதானே சாராய வகைன்னு சொன்னீங்க. மூடி சரியா மூடாத சென்ட் பாட்டில் காலியாகலையா? அதுமாதிரிதான்."

இருபத்தெட்டு வருட வாழ்க்கையில் அவள் என் பேச்சை ஆதாரமாக எடுத்துக்கொண்டது அதுவே முதல் தடவை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

மறுநாள் காரில் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

"சீட் முன்னால வந்திருக்கு," என்றேன்.

"சீட் அங்கேயேதான் இருக்கு. நீங்கதான் பெருத்துட்டீங்க."

பத்து நாள் நான் இரண்டாம் தடவை சோறு கேட்கவில்லை. பசியோடு மெய்ப்புப் பார்த்ததில் ஒரு சமையல் புத்தகம் மட்டும் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வாரமும் அப்படியே. நிரப்பினேன், குறித்தேன், முள் விழுந்தது. பொறுமை போய்விட்டது.

"இது பெட்ரோலைக் குடிக்கல, முழுங்குது. வித்துடலாம். அச்சகத்துல பைண்டர் ஒருத்தர் கேட்டுட்டே இருக்கார்."

துணி மடித்த கை நின்றது. எதற்கும் முகம் மாறாதவள், அன்று மாறினாள்.

"இப்ப வேண்டாங்க. ஒரே ஒரு வாரம் பொறுங்க. மூடியில ஏதாவது கோளாறு இருக்கும். நீங்க நினைச்சா சரி பண்ண மாட்டீங்களா?"

இந்த மாதிரி அவள் கேட்டால் நான் கிணற்றில்கூடக் குதிப்பேன். பாலிதீன் பையை நாலாக மடித்து டேங்க் வாயில் வைத்து, இரண்டு ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி, மேலே மூடியைத் திருகினேன். ஆவி என்ன, ஆவியின் அப்பாவே வெளியே வர முடியாது.

சனிக்கிழமை வந்தது. சாவியைத் திருப்பினேன். முள் எழுந்தது. கால் டேங்கைத் தாண்டியது. அரையையும் தாண்டியது. முக்காலில் போய் நின்றது.

நான் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. இறங்கிப் போய் டேங்கைப் பார்த்தேன். பாலிதீன் அப்படியே இருந்தது.

அடுத்த நொடி எனக்கு விளங்கிவிட்டது. தண்ணீர். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இழுத்து அரை டேங்க் தண்ணீர் சேர்த்துவிட்டது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முள்ளைப் பார்த்து, "ரொம்ப நிறைஞ்சிடுச்சோ," என்று முணுமுணுத்தாள்.

"என்ன சொன்னே?"

"தண்ணி ரொம்ப நிறைஞ்சிடுச்சோன்னு கேட்டேன்."

"ஸ்டார்ட் பண்ணினா இன்ஜின் போயிடும். மெக்கானிக் கடை வரைக்கும் தள்ளிட்டுப் போகணும்."

"தள்ளறதா? ரெண்டு தெரு தள்ளி இருக்குங்க. ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணித்தான் பாருங்களேன். நான் சொல்றேன், ஓடும்."

"உனக்கு என்ன தெரியும் காரைப் பத்தி?"

அவள் என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

எதிர்வீட்டுத் தபால்காரர் கை கொடுக்க வந்தார். "ஏன் சார், நல்லாத்தானே ஓடிட்டு இருந்துது?" என்றார். வாசலிலிருந்து என் மனைவிக்கு இருமல் வந்தது. அவரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தள்ள ஆரம்பித்தார். நல்ல வெயில். வண்டி ஒரு யானைக் கனம். இரண்டாவது தெருவில் என் இடுப்பில் என்னவோ சுருக்கென்றது. வீரம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மெக்கானிக் பொறுமைசாலி. நான் சொன்னதையெல்லாம் கேட்டார். டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியில் பெட்ரோலை இறக்கி, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"ஒரு சொட்டு தண்ணி இல்ல சார். பிரிஞ்சிருந்தா அடியில கோடு தெரியும். இது ரெண்டு மூணு நாளைக்கு முன்ன போட்ட பெட்ரோல்."

"யாரும் போடலையே."

அவர் கார்புரேட்டரைத் திறந்தார். "நின்னுட்டே இருக்கிற வண்டின்னா இங்க பச்சையா பூத்திருக்கும். இது பளபளன்னு இருக்கு. தினம் ஓடுற வண்டி."

"என் வண்டி ஓடாது."

"ஓடுது சார்." துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். "ஹோஸ்கூட போன மாசம் மாத்திக் குடுத்தேன். எத்தனால் தாங்குற ரப்பரா போடுங்கன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க."

"யாரு?"

"வீட்ல கேட்டுக்கங்க."

நான் நம்பவில்லை. ஹோஸை நானே பார்க்கலாம் என்று இன்ஜினுக்குள் குனிந்தேன். கடக் என்று ஒரு சத்தம். மெக்கானிக் வண்டியில் என்ன உடைந்தது என்று தேடினார். உடைந்தது வண்டி இல்லை, நான். குனிந்தது குனிந்தபடி நின்றேன். நிமிர முடியவில்லை.

அவர் வீட்டுக்குப் போன் செய்தார். பத்து நிமிடத்தில் மனைவி வந்தாள். கையில் வெந்நீர்ப் பை, ஒரு தலையணை. ஆட்டோ எதுவும் கூட வரவில்லை. இரண்டு பேருமாக என்னைத் தூக்கிப் பின்சீட்டில் பக்கவாட்டில் கிடத்தினார்கள். மெக்கானிக் பெட்ரோலைத் திரும்ப ஊற்றி, எல்லாவற்றையும் பூட்டி, சாவியைக் கொடுத்தார். என்னிடம் இல்லை. அவளிடம்.

அவள் முன்னால் ஏறினாள். சீட்டை ஒரு இழு இழுத்து முன்னால் நகர்த்தினாள். கண்ணாடியைத் திருப்பினாள். கார் முதல் தடவையிலேயே கிளம்பியது. என் கைக்கு ஒரு நாளும் அப்படிக் கிளம்பியதில்லை.

பள்ளம் வரும் இடமெல்லாம் தெரிந்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்து, என் இடுப்புக்குத் தெரியாமல் ஏற்றி இறக்கினாள். நான் முன்சீட்டின் முதுகைப் பார்த்தபடி கேட்டேன்.

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா. டிரைவிங் ஸ்கூல்ல ஒரு அம்மா இருக்காங்க. தினம் பதினோரு மணிக்கு வருவாங்க, கூட உக்காந்துப்பாங்க. லைசென்ஸ் இந்த புதன்கிழமை கைக்கு வந்துது. அதுக்குள்ள விக்கறேன்னு நின்னீங்க. பயந்துபோய் நானே பெட்ரோல் போட்டேன். அளவு தெரியல, கொஞ்சம் கூடிப் போச்சு."

"பாலிதீன் பையை?"

"திரும்ப அப்படியே கட்டி வச்சேன். ரப்பர் பேண்ட் ஒண்ணு அறுந்துபோச்சு. வேற போட்டேன்."

"ஹோஸ்?"

"நீங்கதானே ஊறிப்போகும்னு சொன்னீங்க. நீங்க பேசறதை நான் கேக்கறதே இல்லைன்னு நினைச்சுட்டு இருக்கீங்களா?"

அவள் கண் ரோட்டிலேயே இருந்தது.

"இந்த வயசுல எதுக்கு உனக்கு கார்?"

ஒரு திருப்பத்தில் திரும்பி முடித்த பிறகுதான் பேசினாள்.

"போன வருஷம் உங்களுக்குக் கல்லடைப்பு வந்துதே, அன்னிக்கு. நீங்க தரையில புரள்றீங்க. கார் வாசல்ல நிக்குது. சாவி ஆணியில தொங்குது. நான் தெருவுல நின்னு வர்ற வண்டிக்கெல்லாம் கை காட்டிட்டு இருக்கேன். ஏழு வண்டி நிக்காம போச்சு."

எட்டாவது வண்டி நின்றது. அது காய்கறி வேன். முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே என்னைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அச்சகத்தில் இந்தக் கதையை நான் இருபது தடவையாவது சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். வீட்டில் சொல்லும்போது மட்டும் அவள் சிரித்ததே இல்லை. நகைச்சுவை உணர்ச்சி கம்மி என்று நினைத்திருந்தேன்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே," என்றேன். "நானே..."

"கேட்டா நீங்க சொல்லிக் குடுப்பீங்களே. அந்த பயத்துலதான் கேக்கல."

மூன்று நாள் படுக்கை. வெந்நீர்ப் பை ஆறும் முன்னால் அடுத்தது வந்தது. இரண்டாம் தடவை சோறும் கேட்காமலே வந்தது. நான் பெருத்துப் போகவில்லையாம், அதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். எத்தனாலைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவள்தான் சொன்னாள், "தினம் ஓட்டினா தண்ணி சேராதாம்ங்க. மெக்கானிக் சொன்னார். அதனால தினம் ஓட்டிடறேன்."

நாலாம் நாள் காலை, பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்று அச்சகம் வரைக்கும் அவளே கொண்டுவந்து விட்டாள். நான் முன்சீட்டில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து வந்தேன். இறங்கும்போது கதவைத் திறந்து, கை கொடுத்து, சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு, "சாயங்காலம் அஞ்சரைக்கு வருவேன், வெளியில நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வாசலில் நின்ற பைண்டர் கார் மறையும் வரை பார்த்தார்.

"என்ன சார், டிரைவரெல்லாம் வச்சுட்டீங்களா?"

"நான் வைக்கல," என்றேன். "அவங்கதான் என்னை வச்சிருக்காங்க."