ஒரே ஒரு தடவை இழுத்த பூட்டு

மன்னார்புரம், திருச்சி
ஞாயிறு மதியம்

மரியாதைக்குரிய அண்ணன் அழகர்சாமி அவர்களுக்கு,

தங்கை வள்ளிக்கண்ணு வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் வீட்டுக்காரரும் சௌக்கியம். துறையூரில் நீங்களும் அண்ணியும், கன்று போட்ட மாடும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் சொன்னால் நடுவில் பேசுவீர்கள். கடிதத்தில் உங்களால் அது முடியாது.

பொங்கலுக்கு வந்தபோது, டாக்டர் எனக்குப் பேச்சு வைத்தியம் பார்க்கிறார் என்று நான் சொன்னதற்கு என்ன சொன்னீர்கள்? "பேச்சுல மூளை மாறுமா? அப்படின்னா உங்க அண்ணி பேசுற பேச்சுக்கு எனக்கு இந்நேரம் இன்னொரு மூளை முளைச்சிருக்கணுமே" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார், அதை நான் மறக்கவில்லை.

என் நிலைமை உங்களுக்குப் பாதிதான் தெரியும். வீட்டைப் பூட்டினால் இழுத்துப் பார்ப்பேன், பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்த் திரும்பி வந்து இழுப்பேன், பூட்டு சரியென்றால் கேஸ், கேஸ் சரியென்றால் அயர்ன் பாக்ஸ், எல்லாம் சரியென்று வெளியே வந்தால் மறுபடி பூட்டு. இழுத்த இழுப்பில் ஒருநாள் நாதாங்கியே கழன்று கையோடு வந்து, வீடு நிஜமாகவே திறந்து கிடந்தது. இந்த லட்சணத்தில் மகள் பூரணிக்கு ஸ்ரீரங்கத்தில் மாமியார் வீட்டில் வளைகாப்பு என்று முடிவானது. அவள் போன் பண்ணி, "நீ பாதி வழியில திரும்பிடுவேம்மா. எதுக்கும் பானுமதி சித்தியை முதல் வளையல் போடச் சொல்லியிருக்கேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம்தான் சபீனா டாக்டரிடம் போனேன். இதற்கு ஓசிடி என்று பேராம். சிலருக்கு மாத்திரையும் வேணும், உங்களுக்குப் பேச்சிலயே ஆரம்பிப்போம் என்றார். பேச்சு என்றால் ஊர்க்கதை இல்லண்ணே. பூட்டச் சொல்லுவார், ஒரே தடவை இழுக்கச் சொல்லுவார், திரும்பிப் பார்க்காம நடக்கச் சொல்லுவார். எனக்கு அழுகை வரும். "சந்தேகம் வரட்டும், வந்துட்டுப் போகட்டும். அதுக்கு மரியாதை கொடுத்து நீங்க எந்திரிச்சு நிக்காதீங்க" என்பார். அவர்கள் ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்காக என்னை ஸ்கேன் மெஷினுக்குள்ளும் படுக்க வைத்தார்கள், சிகிச்சைக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை. அரியமங்கலம் இரும்புப் பட்டறை மொத்தத்தையும் தலைக்குள்ள ஓட்டின மாதிரி சத்தம். எச்சரிக்கை மணி அடிக்கிற இடம் மூளையில இருக்காம், எனக்கு அது அடிச்சா நிக்கிறதில்லையாம். இந்த மாதிரி பழகினவங்க பல பேர் படத்தைச் சேர்த்துப் பார்த்தால் சில இடம் கொஞ்சம் தடிச்சும் சில இடம் கொஞ்சம் இளைச்சும் தெரியுதாம். ஒருத்தர் படத்தை வச்சு மட்டும் எதுவும் அடிச்சுச் சொல்ல முடியாதுன்னும் டாக்டர் சொன்னார். அந்தக் கடைசி வரியை நான் யாருக்கும் சொல்லவில்லை. படத்தைத் தெரு முழுக்கக் காட்டிட்டேன். எதிர்வீட்டு விக்டர் சார் காலிஃப்ளவர் நல்லா இருக்குன்னார்.

மாட்டைக் காரணம் சொல்லி நீங்கள் வளைகாப்புக்கு வராததால் அன்றைக்கு நடந்தது உங்களுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் சித்ரான்னப் பாத்திரங்களோட காலையிலேயே வேன்ல போயிட்டார். நான் பூட்டினேன், ஒரு தடவை இழுத்தேன், வளையல் தட்டோட பஸ் ஏறிட்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், திரும்ப மன்னார்புரம் போகிற பஸ் ஜன்னல் சீட் காலியாக எனக்காகவே நிற்கிறது. கால் அந்தப் பக்கம்தான் போச்சு. கண்டக்டர் கூட "ஏறுங்கம்மா" என்றார். "பூட்டலைன்னா பூட்டலை, போகட்டும்"னு வாய்விட்டே சொல்லிட்டு ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்துல இருந்த அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகிச்சு. காவிரிப் பாலத்துல நெஞ்சு படபடன்னு அடிச்சுது. யாருக்கும் போன் பண்ணலை. அம்மா மண்டபம் வர்றதுக்குள்ள படபடப்பு தானா இறங்கிடுச்சண்ணே, நான் ஒண்ணுமே பண்ணலை.

உள்ளே போனால் பானுமதி வளையலை எடுத்துக்கிட்டு நிற்கிறாள். பூரணி என்னைப் பார்த்ததும், "வீடு பூட்டியாச்சாம்மா?" என்றாள்.

"தெரியலடி" என்றேன்.

அவளுக்குத் தெரியும் நான் எதைச் சொல்றேன்னு. அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டாள். பானுமதி வளையலை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். முதல் வளையல் நான்தான் போட்டேன்.

ஆகவே அண்ணா, பேச்சில் மூளை மாறும். பெரியவராகிய தாங்கள் இதை அண்ணி முன்னிலையில் ஒப்புக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசியும், கன்றுக்குட்டிக்கு ஒரு தடவலும்.

இப்படிக்கு,
தங்கை வள்ளிக்கண்ணு

பின்குறிப்பு: எழுதியதைத் திரும்பப் படிக்கக் கூடாது என்பது டாக்டர் கொடுத்திருக்கும் இந்த வார வீட்டுப்பாடம். ஆகையால் தடித்தது எது, இளைத்தது எது என்பது முதல், மேலே உள்ளது அத்தனையும் தப்பாக இருக்கலாம். இருக்கட்டும். அண்ணிக்கும் தனியாக, உங்களைப் பற்றி மனம் விட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். எது எந்தக் கவருக்குள் போகிறது என்று பார்க்கப் போவதில்லை.