பிளானோவில் கருத்துச் சுதந்திரம்

தொண்ணூற்றெட்டில், அமெரிக்காவின் பிளானோ நகரத் தமிழர்களுக்காக ஒரு ஈமெயில் குழு ஆரம்பித்தேன். அன்றே பிரகடனமும் செய்தேன். இங்கே யாரும் எதுவும் எழுதலாம். ஒரு வரிகூட நீக்கப்படாது. இது சத்தியம்!

மூன்றாம் வாரம் கிட்டுசாமி எழுதினார்: 'நம் தலைவர் மைக்கைப் பிடித்தால் விடுவதில்லை. அவர் தீபாவளி வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் பொங்கல் வந்துவிடுகிறது.'

ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் நான்தான். எனக்கு ரத்தம் கொதித்தது.

"ஸ்வர்ணா! இந்த ஆளைக் குழுவுலேர்ந்து தூக்கப்போறேன்!"

என் மனைவி எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

"எதையும் டெலீட் பண்ண மாட்டேன்னு அனௌன்ஸ் பண்ணது யாரு?"

"அதுக்கு ஒரு லிமிட் வேண்டாமா?"

"லிமிட்டை யார் டிசைட் பண்றது? திட்டு வாங்கினவரா?"

"பின்னே, திட்டினவனா?"

"ரெண்டு பேரும் வேண்டாம். நெட்டை கட் பண்ணுங்க, இருக்கிறது ஒரே லைன், எனக்கு ஃபோன் வேணும்."

கிட்டுசாமியின் மனைவி வசந்தாமணியிடம் இரண்டே நிமிஷம் பேசினாள். மறுநாள் காலை குழுவில் கிட்டுசாமியின் மன்னிப்பு! நான் அசந்துபோனேன்.

"என்ன மாயம் பண்ணே?"

"ஒண்ணுமில்லங்க. எழுதினதை சாப்பிடறப்போ பசங்க முன்னாடி சத்தமா படிக்கச் சொல்லுன்னேன். வசந்தாமணி சொல்லியிருக்கா. பாதியிலேயே மனுஷனுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சாம்."

இன்டர்நெட்டில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று இந்த நாட்டில் கோட்டுப் போட்ட வக்கீல்கள் வருஷக்கணக்கில் வாதாடுகிறார்கள். இவள் ஒரே ஃபோனில் முடித்துவிட்டாள்! எனக்கு மெய்சிலிர்த்தது. இவளுக்குக் கிடைத்த மனைவி விசாவில் வேலைக்குப் போக முடியாது. போக முடிந்திருந்தால் சுப்ரீம் கோர்ட்டையே இழுத்து மூடியிருப்பார்கள்.

அந்தப் பூரிப்பில் ஆபீஸிலிருந்து குழுவுக்கு ஒரு மெயில் தட்டினேன்: 'மன்னித்தேன், கிட்டுசாமி. என் பேச்சைக் கேட்க மூளை வேண்டும். உங்களிடம் அதை எதிர்பார்த்தது என் தவறு.'

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டில் சப்பாத்தி இல்லை. அந்த மெயில், பிரின்ட் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. எதிரே எங்கள் ஆறு வயது மகள் ஓவியா, கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தாள்.

"படிங்க" என்றாள் ஸ்வர்ணா.

"மன்னித்தேன், கிட்டுசாமி. என் பேச்சைக் கேட்க..."

"கோ ஆன், அப்பா" என்றாள் ஓவியா.

பேப்பரைக் கவிழ்த்து வைத்தேன்.

"சப்பாத்தி ஆறிடும், ஸ்வர்ணா."

"ஆறட்டும்."

"சரி, தப்புதான். மன்னிப்புக் கேட்டு எழுதிடறேன்."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? மத்தியானமே உங்க பேர்ல அனுப்பியாச்சு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். கிட்டுசாமி கண்கலங்கிப் பதில் போட்டிருந்தார். இனி குழுவில் எது வரலாம், எது வரக்கூடாது என்பதை என் மனைவி ஸ்வர்ணாவே முடிவு செய்வார் என்றும் நான் அறிவித்திருந்தேன்.

பிரமாதமாக எழுதியிருந்தேன்.