அம்புக்குறி அம்மன்

கல்லுக்கு யாரோ மஞ்சள் பூசி, பட்டையாகக் குங்குமம் வைத்து, கதம்பம் சாத்தியிருந்தார்கள். பந்தல்காரரைப் பார்க்க வந்த வக்கீல் அனந்தராமன் ஸ்கூட்டரை விட்டு இறங்கக்கூட மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திருவான்மியூரில் அந்த இடத்துக்கு அடியில் எண்ணெய்க் குழாய் போகிறது என்பதற்கு அடையாளமாக ஒரு கம்பெனி நட்ட கல் அது. குழாய்க்கு இரண்டு பக்கமும் பதினைந்து அடிக்குக் கட்டடம் கூடாது, பள்ளம் கூடாது, நெருப்பு கூடாது என்பது விதி. அந்த விதிகளைக் கம்பெனிக்கு எடுத்துச் சொல்லும் வக்கீல் அனந்தராமன்தான். 'குழாயின் மீது யாதொரு ஆக்கிரமிப்பும் இல்லை' என்று போன மாதம்தான் குழாய்ப் பாதுகாப்பு இலாகாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

மயிலாப்பூர் ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு எழுதியது. நேரில் போய்ப் பார்க்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. அடுத்த தெருவில் சொந்த வீட்டுக்கு மனை வாங்கியபோதும் அப்படித்தான். மூலப் பத்திரம் முதல் வில்லங்கச் சான்று வரை வரி விடாமல் படித்தார். மண்ணைப் பார்க்கும் வேலையை மேஸ்திரி ராஜரத்தினத்திடம் விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை இலாகா அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார். வெள்ளிக்கிழமை புது வீட்டுக் கிரகப்பிரவேசம். அவருக்கு இருந்த ஒரே பெரிய கட்சிக்காரர் அந்தக் கம்பெனிதான். எழுதிக் கொடுத்தது பொய் என்று ஆகிவிட்டால், அவர்கள் வேறு வக்கீலைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள்.

கல்லுக்குப் பக்கத்தில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் அகல் விளக்குக்குத் திரி கிள்ளிக்கொண்டிருந்தாள். பெயர் கெங்கம்மா.

"அம்மா, நான் கம்பெனி வக்கீல். இது சாமி இல்லை. வெறும் அடையாளக் கல்."

"இன்னா சார் நீ, படிச்சவனாட்டம் கீற. சூலம் கீது, கண்ணு தெரியல?"

"அது சூலம் இல்லம்மா, அம்புக்குறி. குழாய் இந்தப் பக்கம் போறதுன்னு காட்டறது. கம்பெனிக்காரன் இருபது வருஷம் முன்னாடி நட்டது."

"அடப் போ நைனா! போன ஆடியில ராவோட ராவா மொளச்சிது. முந்தின நாளு இந்த எடத்துல ஒண்ணுமே கெடயாது. சுயம்பு!"

அனந்தராமனுக்குச் சிரிப்பு வந்தது. பயமுறுத்தினால்தான் வழிக்கு வருவாள் என்று குரலைத் தாழ்த்தினார். "கீழே நெருப்பு இருக்கும்மா. நீ விளக்கு ஏத்தினா பூமியே வெடிச்சுடும்."

கெங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு, ஏற்றாத விளக்கை எடுத்துக் கூடைக்குள் போட்டாள். அனந்தராமன் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் கல்லுக்கு முன்னால் ஒரு கூட்டமே நின்றது. "வக்கீலு சொல்லிட்டாரு! பூமிக்குக் கீழ அக்கினியா குந்திக்கினு கீறாளாம். வெளக்கு வெச்சா கோவம் வந்துருமாம். துடியான அம்மா!" என்று கெங்கம்மா ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும். வக்கீலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

உடனே ஒரு பெயின்டரைப் பிடித்து, சிவப்புத் தகரத்தில் 'அபாயம்! தீ மூட்டாதே! தோண்டாதே!' என்று எழுதி நட்டார். சிவப்பைப் பார்த்ததும் பெண்கள் அதற்கும் வேப்பிலை செருகினார்கள். தீ ஆகாத அம்மன் என்பதால் கற்பூரத்தை விட்டுவிட்டு, குடம் குடமாகக் கூழ் ஊற்றினார்கள்.

யாரும் கிட்டே போகாதபடி முள்கம்பி வேலி போட்டார். கோவிலுக்குப் பிராகாரம் கிடைத்தது. வேலி முழுக்க மஞ்சள் கயிறும் குட்டிக் குட்டித் தொட்டிலும் தொங்கின. வேலி வந்த பிறகு கூரை இல்லாவிட்டால் நன்றாக இருக்குமா? புதன்கிழமை சாயங்காலம் நாலு சவுக்குக் கம்பு நட்டுத் தகரக் கொட்டகையே போட்டுவிட்டார்கள். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்த கதை.

"ஏன்னா, வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசத்தை வெச்சுண்டு தெருவுல நிக்கற கல்லைக் கட்டிண்டு அழறேளே!" என்றாள் மனைவி நீரஜா. "புது ஆத்துக்கு ஒரு தடவை வந்து பாருங்கோ. ஈசான்ய மூலையில பூஜை ரூம் எவ்வளவு லட்சணமா வந்திருக்கு தெரியுமா?"

"கம்பெனி கையை விட்டுப் போச்சுன்னா பூஜை ரூம்ல உக்காந்து பஜனைதான் பண்ணணும்!" என்று எரிந்து விழுந்தார். ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை அதிகாரி ஹபீபுர் ரஹ்மான் ஜீப்பில் வந்து இறங்கினார். கொட்டகையைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். அனந்தராமனைப் பார்த்தார்.

"ஆக்கிரமிப்பு இல்லைன்னு எழுதியிருந்தீங்களே, வக்கீல் சார்?"

"எழுதினப்போ இல்லை சார். இப்போதான்... தானா வளர்ந்துடுத்து."

அதிகாரி சிரித்துவிட்டார். "சரி, பரவாயில்ல. ஏழை ஜனங்க. கொட்டகையை இவங்களே மெதுவா எடுத்துக்கட்டும். ஒரு மாசம் டைம் கொடுப்போம்."

அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் தான் கண்டிப்பில்லாதவன் என்று கம்பெனி காதுக்குப் போய்விடுமோ என்ற பயம் அனந்தராமனைப் பிடித்து உலுக்கியது.

"கூடாது சார்! சட்டம்னா சட்டம்! பதினைந்து அடிக்குள்ள எது இருந்தாலும் இடிக்கணும். அவகாசமே தரக்கூடாது. ஏழையா பணக்காரனான்னு குழாய் பார்க்குமா? எங்க அப்பா கட்டின வீடா இருந்தாலும் நானே முன்னால நின்னு இடிப்பேன்!"

"நிஜமாவா?"

"எழுதியே தரேன் சார்!"

எழுதியும் கொடுத்தார். 'கட்டடம் எதுவாயினும், யாருடையதாயினும், உடனடியாக' என்று அடிக்கோடு போட்டுக் கையெழுத்திட்டார். அதிகாரி அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "உங்களை மாதிரி வக்கீல் அபூர்வம் சார். உங்க கம்பெனிக்கு நானே சொல்றேன்."

அனந்தராமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கெங்கம்மா குறுக்கே வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. "என் புள்ள கடலுக்குப் போயிக் கீறான் சார். வர்ற வரிக்கும் நான் யார் கிட்ட போயி நிப்பேன்? இடிக்காத சார். இல்லன்னா கல்லையாச்சும் குடு, எங்க குப்பத்துக்குத் தூக்கிக்கினு போறோம்."

அனந்தராமனுக்கு உள்ளே என்னவோ செய்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கல்லை மட்டும் நகர்த்தவே கூடாதும்மா" என்றார் அதிகாரி, கனிவாகத்தான். "மேப்புல 'பனைமரத்துக்குக் கிழக்கே'ன்னு போட்டிருக்கு. அந்தப் பனைமரம் இப்ப எங்க இருக்கு? மத்த கல்லும் காணாமப் போச்சு. குழாய் எங்க போகுதுன்னு சொல்றதுக்கு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். கல் எங்கயோ, குழாய் அங்க."

"கொட்டகையை இடிக்க ஆளுக்குக்கூட நீங்க அலைய வேண்டாம் சார்" என்றார் அனந்தராமன், இப்போது நல்ல தெம்போடு. "அடுத்த தெருவுல என் வீட்டு வேலை முடியற தருவாயில இருக்கு. என் மேஸ்திரியையே கூப்பிடறேன்."

ராஜரத்தினம் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, சுண்ணாம்புக் கையோடு ஓடி வந்தான். கொட்டகைக்குள் குனிந்தான். மாலையை விலக்கினான். கல்லைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தான்.

"அட, நம்ம கல்லு! சாமியாவே ஆயிடுச்சா? உங்க பூஜை ரூமுக்குக் கடக்கால் எடுக்கறப்போ நட்டநடுவுல நின்னுக்கினு இருந்துச்சே சார், நான்தான் பேத்துத் தூக்கியாந்து இங்க நட்டேன்!"