கப்பலை நிறுத்திய செருப்பு

காவிரிக் கரைக்காரர்களுக்கென்று தனியாக ஒரு பயம் உண்டு. படித்துறையில் செருப்பு இருக்கும், அதன் மேல் மடித்த துண்டு இருக்கும், ஆள் மட்டும் இருக்க மாட்டார். நான் ஆறாவது படிக்கும்போது அம்மா மண்டபம் படித்துறையில் ஒரு ஜோடிச் செருப்பு அப்படித்தான் சாயங்காலம் வரை கிடந்தது. தேடி யாரும் வரவில்லை. அன்றிலிருந்து எனக்கும் தண்ணீருக்கும் ஆகாது. (குளிக்கிறேன். பக்கெட்டில்.)

அப்படிப்பட்டவன்தான் கப்பலில் போனேன்.

திருவெறும்பூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், ஒழுங்காக வேலை செய்த பத்துப் பேரை, வீட்டில் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து மூன்று நாள் சொகுசுக் கப்பலில் போய்வரச் சொன்னார்கள். "தண்ணிக்கு நடுவுல எனக்குத் தூக்கம் வராதுப்பா" என்று அம்மா கழன்றுகொண்டாள். அப்பா கிளம்பிவிட்டார். லால்குடி பக்கம் வாழை போடுகிறவர். கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, காலேஜையும் பார்த்த முதல் ஆள் நான். ஆகவே உலகத்தை அவருக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பு என்னுடையது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

விளக்கினேன். லிஃப்டை விளக்கினேன். பாத்ரூம் குழாயை விளக்கினேன். ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கப்பல்காரர்கள் பத்து நிமிஷம் சொன்னதை நான் அரைமணி நேரம் சொன்னேன்.

"மணி அடிச்சா கேள்வி கேக்கக் கூடாதுப்பா. ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு மூணாம் மாடி ஹாலுக்குப் போயிடணும். கழுத்துல இருக்கிற கார்டைக் காட்டணும். யாருக்காகவும் நிக்கக் கூடாது."

"உனக்காகவும்?"

"எனக்காகவும்தான்."

"சரிப்பா" என்றார்.

முதல் நாள் அப்பா நாலு கப் ஐஸ்கிரீம் சாப்பிட்டார். சறுக்கு மரத்திலிருந்து நீச்சல் குளத்தில் விழும் பிள்ளைகளுக்குக் கை தட்டினார். மேஜிக் ஷோவில் முன் வரிசையில் உட்கார்ந்து, "அவன் இடது கையைப் பாரு, இடது கையைப் பாரு" என்று சத்தமாகவே வேவு பார்த்தார். எங்கள் மேனேஜர் மைக்கைப் பிடித்துப் பாட்டுப் பாடினார். எல்லோரும் விசில் அடித்தார்கள். நான் மட்டும் இன்ஜின் சத்தம் ஒழுங்காக வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வெளியே தொங்கிய படகுகளை இரண்டு தடவை எண்ணினேன். ஒரு தடவை ஒன்று குறைந்தது.

மறுநாள் விடிந்து எழுந்தால் பக்கத்துக் கட்டில் காலி.

பாத்ரூமில் இல்லை. சாப்பாட்டு ஹாலில் இல்லை. ஐஸ்கிரீம் கடை இன்னும் திறக்கவில்லை. மேல்தளத்துக்கு ஓடினேன். அங்கே, கப்பலின் பின்பக்கக் கம்பியை ஒட்டி, அப்பாவின் செருப்பு. ஜோடியாக, கடலைப் பார்த்தபடி. அதன் மேல் மடித்து வைத்த துண்டு.

கீழே எட்டிப் பார்த்தேன். வெள்ளை நுரை பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. மறுபடியும் படித்துறையில் நிற்கும் ஆறாவது படிக்கிற பையன் ஆனேன்.

சீருடையில் ஒரு செக்யூரிட்டி அதிகாரி அந்தப் பக்கம் வந்தார். பன்னிரண்டும் நாலும் பதினாறு வருஷப் படிப்பு. வாயில் வந்தது மூன்றே வார்த்தை: "ஃபாதர்... ஸ்லிப்பர்... சீ..." அவர் செருப்பைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். வயர்லெஸ்ஸை எடுத்துக்கொண்டே, "இங்கேயே நில்லுங்கள், அசையக் கூடாது" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு ஓடினார்.

நான் அசைந்தேன். மணி அடித்தது. காலடியில் அதிர்ந்துகொண்டிருந்த இன்ஜின் மெல்ல அடங்கியது. அவ்வளவு பெரிய கப்பல் நிற்கிறது, என் அப்பாவுக்காக! ஜனங்கள் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு ஒரு பக்கமாக ஓட, நான் "அப்பா, அப்பா" என்று எதிர்ப்பக்கம் ஓடினேன். ஜாக்கெட் இல்லை. என் கார்டோ ரூமில், விளக்கு எரிவதற்காகச் சுவரில் செருகியபடி இருந்தது.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் என் பெயர் வந்தது. ரூம் நம்பரோடு. உடனே ஹாலுக்கு வரவும்.

இதை மட்டும் நான் இன்றுவரை யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. எனக்குக் கேட்டது. நான் போகவில்லை. எதற்குக் கூப்பிடுகிறார்கள்? சேதி சொல்லத்தானே? காதில் விழாதவரை அப்பா இருக்கிறார். குழந்தைகளின் சறுக்கு மரப் படிக்கட்டுக்கு அடியில் புகுந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் காதைப் பொத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் என் எதிரே இரண்டு கால்கள் வந்து நின்றன. செருப்பில்லாத, வெடிப்பு விட்ட, வரப்பில் நடந்த கால்கள். மேலே ஆரஞ்சு ஜாக்கெட். அதற்கும் மேலே அப்பா.

"ஏன்டா, கப்பலே உன்னைத் தேடுது, இங்க என்னடா பண்ற?"

"அப்பா... செருப்பு..."

"சூரியனைக் கும்பிடக் கழட்டினேன். கீழே பாட்டுப் போட்டு எல்லாரும் கையைக் காலை ஆட்டினாங்க. நானும் போயிட்டேன். மணி அடிச்சுது. நீ சொன்னபடி கேள்வி கேக்காம ஹாலுக்குப் போயிட்டேன். கார்டைக் காட்டிட்டேன்." குனிந்து என் தோளைப் பிடித்தார். "எண்ணிப் பார்த்தாங்க. மொத்தக் கப்பல்லயும் ஒருத்தன்தான் குறையுதுன்னாங்க. உன் பேரைச் சொன்னாங்கடா."

பின்னால் செக்யூரிட்டி அதிகாரி மூச்சு வாங்க நின்றார். அவருக்குப் பின்னால் எங்கள் மேனேஜர், ஜாக்கெட்டைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு.

"யாருக்காகவும் நிக்கக் கூடாதுன்னு சொன்னேனேப்பா" என்றேன்.

"சொன்ன. அதான் ஹால்ல நிக்காம தேடி வந்துட்டேன்" என்றார்.

வேலை போகவில்லை. பெயர் போனது. ஆபீஸில் நான் ஒரு நாள் லீவு போட்டால், "கேப்டன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று இன்றும் கேட்கிறார்கள். கல்யாண மண்டப வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தால் அம்மா என் கண்ணைப் பொத்துவாள்: "பாக்காதடா, மண்டபத்தைக் காலி பண்ண வச்சிடுவ."

அப்பாவும் ஒன்றை விட்டுவிட்டார். ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபம் போனால், அவ்வளவு கூட்டத்திலும் அவர் படியில் செருப்பை விடுவதில்லை. கழற்றி என் கையில் கொடுத்துவிடுகிறார்.

"பிடி. நான் உள்ளதான் இருக்கேன்."

முங்கி எழும் ஒவ்வொரு தடவையும் கரையைப் பார்த்துக் கையைத் தூக்குவார். நானும் பதிலுக்குச் செருப்பைத் தூக்கிக் காட்டுவேன். அதைப் பார்த்துச் சிரிக்காத ஜனம் இல்லை. சிரிக்கட்டும்.