பலகாரக் குவாலியில் காய்ச்சிய தோட்டா

கொடுத்த பலகாரத்தை வீடு வீடாகப் போய்த் திரும்பக் கேட்டவன் மலேசியாவின் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எழுபதைத் தாண்டிவிட்டேன். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் கடைசி. எனக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. கிள்ளானில் ஒரு பள்ளியில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். (இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைத் திட்டுவதற்கு உதவும்.) மனைவி ரோஸ்லினின் பெற்றோர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார்கள்.

மாமாவிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. நாடு திரும்பிய வெள்ளைக்காரத் தோட்ட மேனேஜர் ஒருவர் விட்டுப்போனது. லைசென்ஸ் முறையாக மாமா பெயரில். விசைக்குக் கீழே ஒரு இரும்பு வளையம். அதை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் ‘கடக்’ என்று அடுத்த தோட்டா ஏறும். குழல் வாயைப் பார்த்தால் பன்றிக்கு அல்ல, யானைக்குச் செய்ததோ என்று தோன்றும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முன்னால் மாமா அதோடு தோட்டப்புறம் போய் ஒரு காட்டுப்பன்றி அடித்து வருவார். அந்தக் கறி இல்லாமல் அந்த வீட்டில் பண்டிகை கிடையாது.

அந்த வருடம் தோட்டா தீர்ந்துபோனது. வாங்கப் போலீஸ் பெர்மிட் இருந்தது; விற்கத்தான் ஆளில்லை. கோலாலம்பூர் முழுக்க அலைந்துவிட்டுக் கடைசியில் கிள்ளானில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். சீனக் கடைக்காரர் காலிக் கூடு ஒன்றை விரலில் உருட்டிப் பார்த்தார்.

“இந்த சைஸ் இப்ப எங்கயும் வர்றதில்ல லா, பாஸ். எங்கப்பா காலத்துல பாத்தது. பேசாம கோழிக்கறி சாப்பிடுங்க.”

திரும்பி வரும் வழியெல்லாம் மாமா அந்தக் காலிக் கூட்டையே உருட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். புது மாப்பிள்ளைக்கு அதைத் தாங்கும் மனம் உண்டா?

“நான் செஞ்சு தரேன் மாமா.”

“என்னத்த?”

“தோட்டாதான். அமெரிக்காவுல வேட்டைக்காரங்க வீட்லயே செய்றாங்க, பத்திரிகையில படிச்சேன். நான் கெமிஸ்ட்ரி வாத்தியார் மாமா!”

“மாட்டுனா உள்ள தள்ளிருவான் தம்பி. பக்கத்து வீடே போலீஸ் சார்ஜன்ட் வீடு.”

“யாருக்குத் தெரியப்போவுது?”

மாமா யோசித்தார். சட்டமும் கறியும் அவருக்குள் சண்டை போட்டதை நான் கண்ணால் பார்த்தேன். கறி ஜெயித்தது.

ஒரு தோட்டாவுக்குக் கூடு, தீப்பொறி விடும் தொப்பி, வெடிமருந்து, ஈயக் குண்டு ஆகியவை வேண்டும். காலிக் கூடுகளை மாமா ஒரு மைலோ டின்னில் சேர்த்து வைத்திருந்தார். தொப்பிக்கும் மருந்துக்கும் வழியே இல்லை. அதாவது, வெடிப்பதற்கு வேண்டிய எதுவும் எங்களிடம் இல்லை. இது ஒரு குறையாக எனக்குத் தோன்றவில்லை. முதலில் குண்டை வார்ப்போம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றேன். வெள்ளைக்காரரின் பெட்டியில் பாக்குவெட்டி மாதிரி ஒரு அச்சு கிடந்தது. ஈயத்தை ஒரு டயர் கடையில் கேட்டு வாங்கினேன்.

உருக்கப் பாத்திரம் வேண்டுமே? அத்தை இல்லாத நேரம் அடுப்படியில் தேடினேன். அலமாரி உச்சியில், துணி சுற்றி, ஒரு இரும்புக் குவாலி (வாணலிதான்) தனியாக இருந்தது. இருந்ததிலேயே சுத்தமானது என்று அதை எடுத்தேன். ஏன் அது மட்டும் அவ்வளவு சுத்தம் என்று யோசிக்கவில்லை.

அது கறியோ மீனோ பார்த்திராத குவாலி. அச்சு முறுக்கு சுட மட்டும் கீழே இறங்கும். பக்கத்து வீட்டு சார்ஜன்ட் ஹஷிமும், பிறந்ததிலிருந்தே சைவமான எதிர்வீட்டுப் பார்வதி அக்காவும் எங்கள் வீட்டுப் பலகாரத்தை ஒரு கேள்வி கேட்காமல் சாப்பிட்டது அந்தக் குவாலியை நம்பித்தான். காட்டுப்பன்றி சுடும் குண்டை நான் அதில் காய்ச்சினேன்.

குண்டுகள் சுண்டைக்காய் வற்றல் மாதிரி வந்தன. மாமா ஒன்றை எடுத்துப் பார்த்து, “பன்னி பாத்தா சிரிக்கும்” என்றார். குவாலியை மணல் போட்டுத் தேய்த்து, துணி சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மதியம் வீட்டுக்குள் நுழைந்தபோது அச்சு முறுக்கு வாசனை. அத்தையும் ரோஸ்லினும் சுட்டு முடித்து, தட்டுகளையும் வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு மாதா கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போயிருந்தார்கள். ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன். பல்லில் ஏதோ தட்டியது. கையில் எடுத்துப் பார்த்தேன். கடுகளவு ஈயம்.

“மாமா, இது விஷம்!”

“போய் வாங்கிட்டு வா, ஓடு. துப்பாக்கிப் பேச்ச மட்டும் எடுக்காத!”

முதலில் பார்வதி அக்கா வீடு.

“அக்கா, அந்தத் தட்டு... திரும்ப வேணும்.”

“ஏன் தம்பி? இப்பத்தான் ஒண்ணு வாயில போட்டேன். நல்லாத்தானே இருக்கு?”

திரும்பிப் பார்த்தேன். சார்ஜன்ட் வீட்டுக் கொடியில் காக்கிச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் வாய் தானாகச் சொன்னது:

“அத்தை தெரியாம... சட்டிய மாத்தி வெச்சிட்டாங்கக்கா.”

அவர் முகம் மாறிய பிறகுதான், கறிச்சட்டியில் சுட்டது என்று சொல்லியிருக்கிறேன் என்பதே எனக்குப் புரிந்தது. அக்கா வாசல் குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தார். திரும்பத் திரும்பக் கொப்பளித்தார். ‘இல்லக்கா, அது இல்ல’ என்று சொல்ல எனக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சார்ஜன்ட் வீட்டில் பொய் சொல்லக்கூட நாக்கு எழவில்லை. பண்டிகை நாளுக்கென்று மூடி வைத்திருந்த தட்டை அவர் மனைவி தந்தார், நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அத்தை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பார்வதி அக்கா காத்திருந்தார். குரல் கேட்டு ஹஷிமும் சீருடையோடு வெளியே வந்தார். பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் நம்மைப் போலவே பேசுவார்.

“மரியக்கா,” என்றார் பார்வதி அக்கா அத்தையிடம், “இந்த வருஷம் மட்டும்தான் சட்டி மாறிச்சா? இல்ல, இத்தன வருஷமா இப்படித்தானா?”

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் உள்ளே ஓடிப்போய்க் குவாலியைக் கொண்டுவந்து காட்டினார். “மாதா சத்தியமா பார்வதி, இது கறியப் பாத்ததே இல்ல.”

பார்வதி அக்கா ஒரு எட்டுப் பின்வாங்கினார். அத்தை குவாலியை இன்னும் உயர்த்திப் பிடித்தார். நான் சிறைக்குப் போவது அதைப் பார்ப்பதைவிடச் சுலபம் என்று தோன்றியது.

“அத்தை மேல தப்பு இல்லக்கா. நான்தான் அதுல ஈயம் காய்ச்சினேன்.”

“ஈயமா? எதுக்கு?” என்றார் அத்தை. அவருக்குப் பின்னால் மாமா, தூண்டிலுக்கென்று சொல் என்பதுபோல, தூண்டில் வீசுவதாக எனக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

“தோட்டா செய்ய.”

மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முதலில் வாய் திறந்தது பார்வதி அக்காதான்.

“பன்னி இல்லையே?”

“இல்லக்கா.”

“வெறும் ஈயந்தானே? அப்பாடா!”

ஈயம் உடம்புக்கு என்ன செய்யும் என்று விளக்கப் பார்த்தேன். (வாத்தியார் புத்தி.) யாரும் கேட்கவில்லை.

“எங்க, காட்டுங்க சிகு,” என்றார் ஹஷிம். ஆசிரியரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். உள்ளே போய், குண்டுகளையும் போட்டு வைத்திருந்த மைலோ டின்னைக் கொண்டுவந்து நீட்டினேன். ஒரு குண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். “இதா? இது தூண்டிலுக்குத்தான் ஆவும்.” டின்னை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாமாவிடம் திரும்பினார். “அங்கிள், குண்டு வார்த்த அச்சு நாளைக்கு என் வீட்டுக்கு வரணும். இன்னொரு தடவ இப்படி நடந்தா நான் பக்கத்து வீட்டுக்காரனா வரமாட்டேன்.”

எல்லோரும் போன பிறகு அத்தை என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்:

“குவாலி போனாப் போவுது மாப்பிள்ளை. அவ வாய் கொப்பளிக்கிறப்ப நீங்க பாத்துக்கிட்டா நின்னீங்க?”

  அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கோழிக்கறி.

புதுக் குவாலி வாங்கினோம். அடுத்த வருடத்திலிருந்து அச்சு முறுக்கு சுடுவதும், தட்டு கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலை என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். அத்தை போன பிறகும் தீர்ப்பு மாறவில்லை. பார்வதி அக்கா இப்போது மகனோடு பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறார். வருடா வருடம் கேட்டில் நின்று, பேரப்பிள்ளைகள் காதில் விழும்படி அதே கேள்வியைக் கேட்பார்: “தம்பி, சாப்பிடலாமா? இல்ல, வந்து திருப்பிக் கேப்பீங்களா?” பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

நானும் சிரிப்பேன். அவர் என் எதிரிலேயே ஒன்றை எடுத்துக் கடிப்பார். மென்று முடிக்கும்வரை நான் அங்கேயே நிற்பேன். குழாய்ப் பக்கம் போகாமல் அவர் உள்ளே போன பிறகுதான் காரை எடுப்பேன்.