ஜெட் மாற்றிய விவரம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று முதலில் எழுதுவது முறை, எழுதியாகிவிட்டது. நீ போனை எடுப்பதில்லை என்பதால் உன் சிநேகிதனை நச்சரித்து முகவரி வாங்கி எழுதுகிறேன். உன்னைக் கூப்பிடுவதற்காக எழுதும் கடிதம் இல்லை இது. நீ வர வேண்டாம். உன் மோட்டார் சைக்கிள் சம்பந்தமாகச் சில விவரங்கள் தெரிவிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

நீ வண்டிக்கு அந்த வெடிச் சத்தச் சைலன்சரை மாட்டிக்கொண்டு வந்த அன்று, "ஒண்ணு இந்த வீட்ல அந்த சைலன்சர் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். இப்போது நானும் இருக்கிறேன், சைலன்சரும் இருக்கிறது, நீதான் இல்லை. நீ போன பிறகு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பதறாதே. வலது கையும் காலும் அசைவதில்லை, மற்றபடி நன்றாக இருக்கிறாள். நினைவில் மட்டும் ஒரு சின்னக் குளறுபடி: நீ இன்னும் காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் திரும்புவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். உன் வண்டிச் சத்தம் கேட்காமல் ஒரு வாய் சாப்பிடுவதில்லை. கெஞ்சிப் பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன். "அவன் வரட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொள்கிறாள்.

ஆகவே அந்த வண்டியை நான் ஓட்டுகிறேன். சிரிக்காதே. அச்சகத்தில் ஆயுள் முழுக்கப் பிழை திருத்திக்கொண்டிருந்தவனுக்குக் கியர் எங்கே தெரியும்? கால் தரையில் எட்டவில்லை, ஹெல்மெட் போட்டால் மூக்குக்கண்ணாடி போட முடியவில்லை, இரண்டையும் போட்டால் மூச்சு விட முடியவில்லை. எப்படியோ தெருவை ஒரு சுற்றுச் சுற்றி கேட் முன்னால் வந்து ஆக்சிலேட்டரை விட்டால், உன் சைலன்சர் பட், பட், படீர் என்று வெடிக்கும். உள்ளே அம்மா, "வந்துட்டான். தட்டு வைங்க" என்பாள். நான் பின்பக்கமாக ஓடி வந்து, பெட்ரோல் வாடை போகக் கை கழுவி, நீ குளிக்கப் போயிருப்பதாகச் சொல்லி ஊட்டிவிடுவேன். மாடி வீட்டுக்காரர் தெருவாசிகள் சார்பில் புகார் மனு கொண்டுவந்தார். அதில் 'ஒலி' என்பதற்கு 'ஒளி' என்று இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

இப்படியே போயிருக்கலாம். ஆனால் வண்டி திணற ஆரம்பித்தது. முறுக்கினால் இழுப்பதில்லை, தொட்டால் கை பொசுங்குகிறது. மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"சைலன்சரையும் ஃபில்டரையும் மாத்தின உங்க பையன் ஜெட்டை மாத்தாம விட்டுட்டாரு சார். காத்து அள்ளிக்கிட்டு வருது, பெட்ரோல் மட்டும் பழைய அளவுலயே வருது. பட்டினி போட்டு வேலை வாங்குனா எப்படி? ஒரு நாள் சூடு தாங்காம எஞ்சின் இறுகிப் பிடிச்சுக்கும்."

ஜெட் என்றால் விமானம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கார்புரேட்டருக்குள் இருக்கும் ஒரு குட்டிப் பித்தளைத் திருகு, நடுவில் ஊசிக் காது அளவுக்கு ஓட்டை, அதன் வழியாகத்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகிறது. பெரிய ஓட்டை உள்ளதாக ஒன்றை மாற்றினார். அது ரொம்பப் பெரிதாகிவிட்டது. நான் ஓட்டிப் போன வழியெல்லாம் கரும்புகை, துணி உலர்த்தியிருந்த ஒரு அம்மாள் என் பரம்பரையையே விசாரித்தார். மறுபடி கழற்றி, கொஞ்சம் சிறிதாகப் போட்டு, உள்ளே இருக்கும் ஊசியையும் ஏற்றி இறக்கி, கடைசியில் சரியான அளவு அமைந்தது. பிளக் காப்பித்தூள் நிறத்துக்கு வந்தது. வண்டி வெடிக்கவில்லை, திணறவில்லை, கனமாக, ஒரே சீராக ஓடியது. நானே ரசித்தேன் என்றால் பார்த்துக்கொள்.

பெருமையாகக் கேட்டில் வந்து நிறுத்தினேன். உள்ளே சத்தமே இல்லை.

"வந்துட்டான் பாரு" என்றேன்.

"யாரோ வந்திருக்காங்க. அவன் வண்டி இருமிக்கிட்டுல்ல வரும்" என்றாள். வாயை மூடிக்கொண்டாள். மறுநாளும் திறக்கவில்லை.

அச்சகத்தில், சரியான சொல்லைத் தவறு என்று நினைத்து அடித்துவிட்டால், அதன் கீழே புள்ளி வைத்து ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவோம். பழையபடியே விட்டுவிடு என்று அர்த்தம். மெக்கானிக்கிடம் போய்ப் பழைய ஜெட்டையே திரும்பப் போடச் சொன்னேன். "நல்லா ஓடுறதை ஏன் சார் கெடுக்கிறீங்க? எஞ்சின் போயிடும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். "இருக்கட்டும்" என்றேன். அன்று சாயங்காலம் வண்டி படீரென்று வெடித்தது. அம்மா தட்டைக் காலி செய்தாள்.

ஆக, இங்கே ஒரு குறையும் இல்லை. வண்டி வெடிக்கிறது, அம்மா சாப்பிடுகிறாள். உன் வேலையைக் கெடுத்துக்கொண்டு நீ வர வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நன்றாக இரு என்று அம்மா சார்பிலும் சேர்த்து வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. மேட்டில் முழுக்க முறுக்கினேன், எஞ்சின் பிடித்துக்கொண்டது. தள்ளிக்கொண்டு வந்தேன். சத்தமில்லாமல் எப்படி வீட்டுக்குள் போவது என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று, வெட்கத்தை விட்டு, வாயாலேயே பட், பட், படீர் என்று சத்தம் போட்டேன். அம்மா உள்ளிருந்து, "ஏங்க, இவ்வளவு இருமுறீங்களே, மருந்து குடிச்சீங்களா? அவன் ஏன் இன்னும் வரல?" என்றாள். தட்டு அப்படியே இருக்கிறது. மேலே 'வர வேண்டாம்' என்று எழுதியிருக்கும் இடங்களிலெல்லாம் 'டா'வை 'டு' என்று திருத்திப் படிக்கவும். அச்சுப்பிழை.